ஷேர் பட்டன்: லைவ் வந்த கதை, பாதியில நின்ன கதை

இந்த எபிசோடு ஒரே ஒரு பட்டனைப் பத்தி.

2013 நவம்பர் 15, அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 4 வெளியாகுது. அதோட கன்ட்ரோலர்ல ‘ஷேர்’னு ஒரு புது பட்டன். அதுவரைக்கும் கன்சோல்ல ஆடுறதை லைவா காட்டணும்னா கேப்சர் கார்டு, கம்ப்யூட்டர்னு தனியா செலவு பண்ணணும். இப்போ ஒரு பட்டனை அழுத்தினா ட்விட்ச்ல, யூஸ்ட்ரீம்ல நீங்க லைவ். 2014 ஜனவரி 6-ல 39,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கும் வந்தது.

ஆனா ஆரம்பத்துல ட்விட்ச்ல போன லைவ் சேமிக்கப்படாது. முடிஞ்சா போச்சு. கேம் கம்பெனி வேண்டாம்னு நினைக்கிற காட்சிகளை லைவ்ல மறைச்சிடலாம். சரி, கேப்சர் கார்டே போட்டுக்கலாம்னா, எச்டிசிபி பூட்டு அதைத் தடுத்தது. 720பி தரம், சேமிக்கிற வசதி, பூட்டை அணைக்கிற வசதி மூணும் 2014 ஏப்ரல் கடைசியில, 1.70 அப்டேட்லதான் வந்தது. போட்டிக்கு நின்ன எக்ஸ்பாக்ஸ் ஒன்னோ, ட்விட்ச் லைவ் இல்லாமலேயே கடைக்கு வந்து, 2014 மார்ச்சில்தான் அதைக் கொடுத்தது.

இப்போ மத்திகிரி பக்கம் வருவோம். 2013 ஜூலையில்தான் இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்பதற்கான குறைந்தபட்ச வேகம் 256-லிருந்து 512 கேபிபிஎஸ் ஆச்சு. அதுவும் டவுன்லோடுக்கு. லைவுக்குத் தேவை அப்லோடு. ஏடிஎஸ்எல் லைன்ல அப்லோடு எப்பவும் கம்மி. எக்ஸ்சேஞ்ச் தூரமானா வேகம் இன்னும் குறையும். பெங்களூரு நாப்பது கிலோமீட்டர்ல இருந்து என்ன பண்ண? செம்புக் கம்பி எவ்வளவு நீளம்ங்கிறதுதான் கணக்கு. பட்டன் எல்லார் கையிலும் ஒண்ணுதான், அதுக்குப் பின்னாடி இருக்கிற லைன் ஒண்ணு இல்ல.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு நம்ம ஊர்ல லைவ் கன்சோலைத் தாண்டி போனுக்குப் போச்சு. அங்கேயும் ஒரு குறை: 2019-ல ஆண்ட்ராய்டு 10 வரும்வரை, சாதாரண ஆப்களால கேம் சத்தத்தை நேரா எடுக்க முடியாது. மைக் வழியாத்தான். கூடவே ஃபேன் சத்தமும், வீட்டு டிவியும் லைவ்ல போகும்.

இன்னொரு குறை, நேரம் ஆக ஆகத்தான் தெரிஞ்சது. மைக்ரோசாஃப்ட் 2016-ல பீம் என்கிற தளத்தை வாங்கி, 2017-ல மிக்சர்னு பேர் மாத்தி, எக்ஸ்பாக்ஸுக்குள்ளேயே வச்சது. 2020 ஜூலை 22-ல மூடிட்டது. அங்கே வருஷக்கணக்கா ஆளு சேர்த்தவங்க, வேற தளத்துல மறுபடி முதல்ல இருந்து தொடங்கணும். ட்விட்ச் எக்ஸ்பாக்ஸ் டாஷ்போர்டுக்குத் திரும்பினது 2022-ல.

கம்பெனி தர்ற பட்டன் லைவ் போறதை சுலபமாக்குது, உண்மைதான். ஆனா எதைக் காட்டலாம், எவ்வளவு நாள் இருக்கும்னு முடிவு பண்றது அவங்கதான். ஷிஃப்ட் முடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு லைவ் போற சிப்காட் பையனுக்கு நாங்க சொல்றது இவ்வளவுதான்: பட்டனை அழுத்துங்க, ஒரு காப்பியை உங்க ஹார்டு டிஸ்க்லயும் வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.