தலைமன்னார்த் துறையும் தகரச் சீட்டும்

குற்றவாளியைச் சிறைக்கு வெளியே வாழவிட்டு, காலிற் பூட்டிய மின்கருவியாற் கண்காணிக்கும் முறை 1983இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. குற்றமேதும் புரியாதார் உடலிலேயே அத்தகைய அடையாளம் தொங்கிய வரலாறு மன்னார்க் கரைக்கு உண்டு.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற்சேவை தொடங்கியபின், மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர் பெரும்பாலும் இத்துறையிலேயே இறங்கினர். அவர்தம் கழுத்தில் தகரச் சீட்டொன்று தொங்கிற்று. அதிற் பொறித்திருந்தவை தோட்டத்தின் குறியீடும் ஆளின் இலக்கமுமே, பெயரன்று. வழிச்செலவு எத்தோட்டத்தின் கணக்கிற் சேரும் என்பதை அது காட்டிற்று. அச்செலவோ பின்னர்த் தொழிலாளியின் கடனாயிற்று. சுமந்தவருட் பலர் எழுத்தறியார். தம் மார்பில் இருந்ததைப் பிறர் படிக்க, தாம் படிக்க இயலாது நின்றனர்.

தோட்டத்திற் சேர்ந்தபின் காவல் வேறு வடிவெடுத்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேறு தோட்டம் நாடுவோர்க்கோ, அவர்தம் கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டியிருந்தது. தன் கடனை மறைத்து வைக்கும் உரிமைதானும் ஏழைக்கு இல்லை போலும்! துண்டை எழுதியவர் துரை, கையில் வைத்திருந்தவர் கங்காணி, கடன்பட்டவரே தொழிலாளி. 1921இற் சட்டம் அதனை ஒழித்தது.