மீன்வளம் காத்த சிறு நாடு

வட அட்லாண்டிக் பெருங்கடலில் எரிமலைப் பாறையும் பனியும் சூழ்ந்த தீவு ஐஸ்லாந்து. உழுது பயிரிட அங்கு நிலம் மிகக் குறைவு. கடலே அம்மக்களின் விளைநிலம். அக்கடலில் செழித்த காட் மீனைத் தேடி ஆங்கிலேய மீனவர் பதினைந்தாம் நூற்றாண்டு முதலே வந்து சென்றனர். நீராவி இழுவைக் கப்பல்கள் வந்தபின் கடலடியை வாரிச் செல்லும் வலைகள் பெருகின. ஐஸ்லாந்து அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1901-இல் டென்மார்க்கும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கை, தீவினர்க்குரிய கடலை மூன்று மைலுக்குள் அடக்கியது.

1944-இல் குடியரசான ஐஸ்லாந்து, தன் எல்லையைப் படிப்படியாக விரித்தது. 1952-இல் நான்கு மைல், 1958-இல் பன்னிரண்டு, 1972-இல் ஐம்பது, 1975-இல் இருநூறு. 1958 முதலான மூன்று விரிவாக்கங்களின்போதும் பிரிட்டன் தன் மீனவரைக் காக்கப் போர்க்கப்பல்களை அனுப்பியது. இவற்றையே வரலாறு 'காட் போர்கள்' என்கிறது.

ஐஸ்லாந்துக்கு இராணுவம் இல்லை. 1926-இல் தோன்றிய கடலோரக் காவல் படையும் அதன் சில கப்பல்களுமே இருந்தன. சுடுவதைவிட வலையை வீழ்த்துவதே சிறந்ததென அப்படையினர் கண்டனர். கூரிய அலகுகள் பொருத்திய கருவியொன்றைக் கம்பி வடத்தில் கட்டி, இழுவைக் கப்பலின் பின்புறமாகக் குறுக்கே செலுத்துவர். வலையை இழுக்கும் வடம் அதில் சிக்கி அறும். வலையும் மீனும் கடலடியில் தங்கிவிடும். 1972 செப்டம்பரில் இது முதன்முதலாகக் கையாளப்பட்டது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குறுக்கிட்டபோது கப்பலோடு கப்பல் மோதின. 1973-இல் மோதலில் சேதமுற்ற காவற்கப்பலைப் பழுதுபார்க்கையில் ஐஸ்லாந்துப் பொறியாளர் ஒருவர் மின்தாக்கி மாண்டார்.

1974-இல் பன்னாட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஐஸ்லாந்துக்குச் சாதகமாக அமையவில்லை. எனினும் அந்நாடு பின்வாங்கவில்லை. 1976 பிப்ரவரியில் பிரிட்டனுடன் தூதரக உறவையே முறித்தது. அமெரிக்கப் படைத்தளம் அமைந்திருந்த அத்தீவை இழக்க மேலை நாடுகள் விரும்பவில்லை. 1976 ஜூனில் ஆஸ்லோவில் உடன்பாடு கண்டது. அறுமாத காலத்துக்கு 24 இழுவைக் கப்பல்கள் மட்டும் அனுமதி பெற்றன. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களில் தலைமுறை தலைமுறையாய் அக்கடலை நம்பிய குடும்பங்கள் பிழைப்பிழந்தன. மறு ஆண்டே பிரிட்டனும் தனக்கு இருநூறு மைல் மீன்பிடி எல்லை வகுத்துக்கொண்டது. 1982-இன் கடற்சட்ட உடன்படிக்கை அவ்வளவையே உலகப் பொதுவிதியாக்கியது.

வெற்றி இத்துடன் முழுமையுற்றதா? இல்லை. காட் மீன்வளம் நலிகிறதென 1975-இலேயே ஐஸ்லாந்தின் கடலாய்வு நிறுவனம் எச்சரித்திருந்தது. அயலார் அகன்ற இடத்தை உள்நாட்டுக் கப்பல்கள் நிரப்பின. மீனின் நெருக்கடி நீங்கவில்லை. 1984-இல் ஐஸ்லாந்து தன் மீனவருக்கே பிடிப்பளவு விதித்தது. அவ்வுரிமைகள் பின்னர் விற்கவும் வாங்கவும் கூடியவையாகிப் பெருநிறுவனங்களிடம் குவிந்தபோது, சிறு மீனவ ஊர்கள் தளர்ந்தன. பொதுச்சொத்தான மீன் யாருக்குரியது என்ற வழக்கு அந்நாட்டு அரசியலில் இன்றும் ஓயவில்லை.

கடலில் எல்லை வகுத்துக் காவல் புரிவது மீன்வளக் காப்பின் முதற்படியே. அயலார் வலையை அறுக்கத் துணிவு போதும். தன் வலையைத் தானே சுருக்குவதற்கும், எஞ்சிய மீனை நேர்மையாகப் பங்கிடுவதற்கும் துணிவினும் பெரிய மனத்திட்பம் வேண்டும். ஐஸ்லாந்தின் வரலாறு உணர்த்துவது இதுவே.