புகைபிடித்தலைக் கைவிட மருத்துவ உதவி

சிகரெட், பீடி பழக்கத்திலிருந்து நோயாளிகளை விடுவிக்க மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் அளிக்கும் அறிவுரை, மருந்து, தொடர் கவனிப்பு ஆகியவை இதில் அடங்கும். நிகோட்டின் மூளையைத் தனக்கு அடிமையாக்கிவிடுவதால் மனவுறுதி மட்டும் பலருக்குப் போதுவதில்லை. எனவே மருத்துவம் இப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதில்லை. சிகிச்சைக்குரிய நோயாகவே அணுகுகிறது.

சுருக்கமான அறிவுரை

லண்டனில் 28 பொதுமருத்துவர்களிடம் வந்த 2,138 புகைபிடிப்போரை மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் ஆராய்ந்து, 1979இல் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவரின் அறிவுரையும் துண்டறிக்கையும் பெற்று, பின்னர் விசாரிக்கப்படும் என்றும் அறிந்தவர்களில் 5.1 விழுக்காட்டினர் முதல் மாதத்திலேயே நிறுத்தி, ஓராண்டு கழித்தும் புகைக்காதிருந்தனர். இவை எதுவும் பெறாதவர்களில் அந்த அளவு 0.3 விழுக்காடு. விழுக்காடு சிறிதாயினும், எல்லா மருத்துவர்களும் எல்லா நோயாளிகளிடமும் ஓரிரு நிமிடம் பேசினால் பயன் பெரிது.

ஐந்து படிகள்

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 2008இல் புதுப்பித்த வழிகாட்டி ஐந்து படிகளை வகுத்துள்ளது:

1. கேட்டல்: ஒவ்வொரு வருகையிலும் புகைப்பழக்கத்தை விசாரித்துக் குறித்துக்கொள்ளுதல்.
2. அறிவுறுத்தல்: நிறுத்தும்படி தெளிவாக, நோயாளியின் உடல்நிலையோடு பொருத்திச் சொல்லுதல்.
3. கணித்தல்: அவர் இப்போது முயலத் தயாரா என அறிதல்.
4. உதவுதல்: நிறுத்தும் நாளைக் குறித்தல், மருந்து தருதல்.
5. தொடர்தல்: மறுசந்திப்புக்கு ஏற்பாடு செய்தல். முதல் மறுசந்திப்பு, நிறுத்திய ஒரு வாரத்துக்குள் அமைவது நல்லது.

மருந்துகள்

நிகோட்டின் சூயிங் கம், தோலில் ஒட்டும் பட்டை, புப்ரோபியான், வேரனிக்ளின் ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளன. வலிப்பு நோயாளிகளுக்குப் புப்ரோபியான் கூடாது. நிகோட்டின் கம்மைத் தொடர்ந்து மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். இதைச் செவிலியரோ மருந்தாளுநரோ செய்துகாட்டுவது அவசியம். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது பலன் கூடும்.

மீண்டும் தொடங்குதல்

எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை முதல் வாரத்தில் மிகும். அப்போது பலர் மீண்டும் புகைக்கத் தொடங்குகிறார்கள். அவர்களைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை மறைப்பார்கள். எந்தச் சூழல் தூண்டியது என்று கேட்டறிந்து, அடுத்த முயற்சிக்குத் திட்டமிடுவதே முறை.

இந்தியாவில்

2016–17 உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, முந்தைய ஓராண்டில் மருத்துவப் பணியாளரைச் சந்தித்த புகைபிடிப்போரில் 48.8 விழுக்காட்டினரே நிறுத்துமாறு அறிவுறுத்தப்பட்டனர். நேரில் தொடர் ஆலோசனை பெற இயலாதவர்களை 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணுக்கு மருத்துவர்கள் அனுப்பலாம்.