அறை மாறிய எழுத்து

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அச்சுக் கோக்கும் பெரியவரின் கண் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாது. விரல்கள் தாமாகவே அறை அறையாகச் சென்று எழுத்துக்களைப் பொறுக்கி வரும். ஒருநாள் ‘ல்’ அறையில் ‘ள்’ கிடந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை ‘கள்யாண’ப் பத்திரிகையாக அச்சேறிவிட்டது! ஊரே சிரித்தது. பெரியவருக்கு ஒருநாள் கூலி போயிற்று.

1962-இல் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெரியவர்தான் என் ஞாபகத்துக்கு வந்தார்.

உயிரணுவுக்குள் ரிபோசோம்கள் என்ற நுண்ணிய பட்டறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புரதம் தயாராவது அங்கேதான். எதை அடுத்து எதைக் கோக்க வேண்டும் என்ற உத்தரவு, தூது ஆர்.என்.ஏ. என்னும் நாடாவில் மூன்று மூன்று எழுத்தாக வந்து சேருகிறது. ஆனால் அந்த எழுத்துக்கும் அமினோ அமிலத்துக்கும் நேர்ப் பழக்கம் கிடையாது. நடுவே ஓர் ஆள் இருக்கத்தான் வேண்டும் என்று 1955-இல் பிரான்சிஸ் கிரிக் ஊகித்தார். பாஸ்டன் நகரத்தில் ஜமெக்னிக், ஹோக்லண்ட் முதலியோர் வேறு வழியாகத் தேடிப்போய் அந்த ஆளையே கண்டுபிடித்துவிட்டார்கள். அவன்தான் கடத்து ஆர்.என்.ஏ. ஒரு முனையில் அமினோ அமிலச் சுமை; இன்னொரு பக்கத்தில் மூன்றெழுத்துச் சீட்டு. சீட்டு நாடாவோடு பொருந்தினால், சுமை புரதச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடும்.

சரி, ரிபோசோம் பார்ப்பது சீட்டையா, சுமையையா?

ஷாப்வில், லிப்மன், பென்ஸர் முதலானவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சிஸ்டீன் என்ற அமிலத்தை அதற்குரிய சுமையாளின் தோளில் ஏற்றினார்கள். பிறகு, கீழே இறக்காமலே, ரானே நிக்கலைக் கொண்டு அதிலிருந்த கந்தகத்தை உருவிவிட்டார்கள். கந்தகம் போனதும் சிஸ்டீன் அலனீனாக மாறிவிட்டது. சீட்டு பழையது, சுமை புதியது. ரிபோசோம் என்ன செய்தது தெரியுமா? சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் அலனீனைக் கோத்துவிட்டது!

ரிபோசோமின் அமைப்பு அணு அணுவாகத் தெரியவந்தது 2000-ஆம் வருஷத்தில். அந்த வேலைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சீட்டு பொருந்துகிறதா என்று ரிபோசோம் எவ்வளவு நுட்பமாகத் தடவிப் பார்க்கிறது என்பதை அவருடைய ஆராய்ச்சி காட்டியது. சீட்டில் அத்தனை கறார். சுமையில் அத்தனை நம்பிக்கை!

அப்படியானால் சுமை மாறாமல் காப்பது யார்? ஏற்றிவிடும் என்ஸைம்கள்தாம். எந்த அமிலம் எந்தத் தோளுக்கு என்பது அவற்றுக்குத் தெரியும். அவற்றில் சில, தவறி ஏற்றிவிட்டதைத் தாமே இறக்கியும் விடுகின்றன. உயிரின் நாணயம் அங்கே, கோப்பதற்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது.

அச்சுக்கூடத்தில் அச்சான பக்கத்தைக் கலைத்து, எழுத்துக்களை மீண்டும் அறைகளில் போடுவார்கள். அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு முந்தின நாள் மாலை, ஆசையாகக் கேட்டு வாங்கி அந்த வேலையைச் செய்தவன் நான்தான். பெரியவருக்கு அது தெரியும். கூலி போன அன்றும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.