மணிலா வங்கியும் கொடைநாடுகளும்

பள்ளி விடுமுறையில் பூன் லேயில் உள்ள உறவினர் வீட்டிற்கு வந்து தங்கும்போதெல்லாம் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்று ஜூரோங்கை நோக்குவது என் வழக்கம். சூ பூன் லே என்னும் வணிகரின் தோட்டங்கள் இருந்த நிலமாதலின் அவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1961இல் அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ இப்பகுதியில் சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை எழுப்ப முனைந்தபோது, ‘கோவின் மடமை’ என்று எள்ளியவர் பலர். நிலம் இருந்தது, உழைக்கும் கையும் இருந்தது. முதல்தான் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்நாளில் விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் பலவற்றின் நிலையும் இதுவே. பிறர் முதலை வாங்கும்போது அதனோடு பிறர் விருப்பமும் சேர்ந்து வருமோ என்பது அவற்றின் கவலை.

இக்கவலைக்கு விடையாகவே 1966இல் ஆசிய வளர்ச்சி வங்கி தோன்றியது. இலங்கைத் தமிழர் இதனை அபிவிருத்தி வங்கி என்பர். தொடக்க உறுப்பினராகச் சேர்ந்த சிங்கப்பூரின் பங்கு 40 லட்சம் அமெரிக்க டாலர். மலேசியாவின் பங்கு 2 கோடி; இந்தியாவின் பங்கு 9 கோடியே 30 லட்சம். ஜப்பானும் அமெரிக்காவும் தலைக்கு 20 கோடி இட்டன. சிங்கப்பூரைப்போல் 50 மடங்கு இட்டவர், 50 மடங்கு பேசாமல் இருப்பரோ?

வங்கியின் பட்டயம் எழுதியவர்கள் இதனை எண்ணாமல் இல்லை. மொத்த வாக்குகளில் நூற்றுக்கு 20ஐ எல்லா உறுப்பினர்க்கும் சமமாகப் பகிர்ந்து, எஞ்சிய 80ஐயே பங்குக்கு ஏற்ப அளித்தனர். முதலில் நூற்றுக்கு 60க்குக் குறையாத பகுதி வட்டார நாடுகளிடமே இருத்தல் வேண்டும் என்றனர். வங்கி எந்நாட்டின் அரசியலிலும் தலையிடலாகாது என்றும் விதித்தனர். ஏட்டளவில் குறைசொல்ல இடமில்லை.

ஆனால் அவ்வங்கி பிறந்த கதையையே சற்று நோக்குக. வியட்நாம் போர் பெருகிவந்த வேளையில், 1965 ஏப்ரல் 7ஆம் நாள் அதிபர் ஜான்சன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தென்கிழக்காசியாவின் வளர்ச்சிக்கு 100 கோடி டாலர் தர முன்வருவதாக அறிவித்தார். அதற்குமுன் இவ்வங்கித் திட்டத்தில் ஆர்வம் காட்டாதிருந்த அமெரிக்கா, அதன்பின் முன்னணிக்கு வந்தது. அரசியலில் தலையிடாத வங்கியின் தொட்டிலை ஆட்டிய கைகளுள் ஒன்று அரசியலின் கையே.

அவ்வாண்டு இறுதியில் மணிலாவில் கூடிய மாநாட்டில், வங்கியின் தலைமையகம் எங்கே என்ற வினா எழுந்தது. தோக்கியோவுக்கே அது கிட்டும் என்று ஜப்பானியர் உறுதியாக நம்பினர். தெஹரானும் மணிலாவும் போட்டியிட்டன. இறுதிச் சுற்றில் மணிலா 9 வாக்கும் தோக்கியோ 8 வாக்கும் பெற்றன. ஆசியாவிலேயே மிகுதியாகப் பணம் இட்ட நாடு ஒரே வாக்கில் தோற்றது! சிறிய நாடுகள் ஒன்றுகூடினால் பெரிய நாட்டை மறுக்க முடியும் என்பதற்கு அந்நாள் சான்று. வரலாற்று ஆசிரியர் சிலர் இத்துடன் கதையை நிறுத்திவிடுகின்றனர். அடுத்த ஆண்டு நவம்பரில், வங்கியின் தொடக்கக் கூட்டம் தோக்கியோவிலேயே நடந்தது. அங்கே முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தக்கேஷி வத்தனாபே. அவர்முதல் 2025இல் பதவியேற்ற மசாத்தோ கண்டா வரையில் பதினொருவரும் ஜப்பானியரே. தலைவர் வட்டார உறுப்பு நாட்டினராதல் வேண்டும் என்று மட்டுமே பட்டயம் கூறுகிறது. ஜப்பானியர் என்ற சொல் அதில் யாண்டும் இல்லை. வீட்டை இழந்தவர் நாற்காலியைப் பெற்றனர். அந்நாற்காலியோ வாக்கெடுப்பில் ஒருநாளும் ஆட்டங்காணவில்லை.

தலைவரின் நாற்காலிக்கு என்ன ஆற்றல் என்று கேட்கலாம். எந்தக் கடன் திட்டம் இயக்குநர் வாரியத்தின் முன் வருகிறது, எது வாராமல் கோப்பிலேயே உறங்குகிறது என்பது அங்கிருந்தே தொடங்குகிறது. எங்கள் தோட்டப் பள்ளியின் கட்டட நிதிக்குப் பெருந்தொகை தந்த ஒருவர் குழுக்கூட்டத்தில் வாய்திறந்ததே இல்லை. எனினும் மேடை எந்தப் பக்கம் அமையவேண்டும் என்று பேச்சு வந்ததும், எல்லாருடைய கண்களும் அவர் முகத்துக்குத்தான் சென்றன. நானும் அவ்வாறே பார்த்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

தொடக்க ஆண்டுகளின் கணக்கு இதனை ஒருவாறு காட்டும். 1967 முதல் 1972 வரை வங்கி அளித்த கடனில் நூற்றுக்கு 78 அளவு இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, தென்கொரியா, பிலிப்பீன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கே சென்றது. ஐந்தும் ஜப்பானின் வணிகத்துக்கு இன்றியமையாதவை. 1976 வரையில் கடன்பணத்தில் வாங்கிய பொருள்களிலும் பணிகளிலும் நூற்றுக்கு 41க்கு மேல் ஜப்பானியரிடமிருந்தே வாங்கப்பட்டன. இது சூழ்ச்சி என்று நான் கூறவில்லை. ஜப்பானிய எந்திரங்கள் நல்லவையாகவும் விலை குறைந்தவையாகவும் இருந்தன என்பதும் உண்மையே.

கொடைநாட்டின் மற்றொரு பிடி, ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் உதவும் தனி நிதி. பங்குமுதலை ஒருமுறை இட்டால் அது வங்கியின் உடைமை. தனி நிதியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வற்றும்; மீண்டும் நிரப்பவேண்டும். அப்போதெல்லாம் கொடுப்பவர் தனியே கூடித் தம் விருப்பங்களை எடுத்துரைப்பர். 1967இல் ஜான்சன் 20 கோடி டாலர் கேட்டுக் காங்கிரசுக்கு எழுதினார். காங்கிரசோ பல ஆண்டுகள் இழுத்தடித்தது. கொடுப்பதைப்போலவே கொடாமல் தாமதிப்பதும் ஓர் ஆற்றல் என்பதை அன்று எல்லாரும் கண்டனர். 1977இல் இயற்றிய சட்டத்தின்படி, மனித உரிமையைப் பெரிதும் மீறும் அரசுகளுக்கான கடனை இத்தகைய வங்கிகளில் எதிர்க்குமாறு அமெரிக்கா தன் இயக்குநர்களைப் பணித்தது. நோக்கத்தைப் பழிப்பவர் இலர். ஆனால் எந்த அரசு மீறியது என்று தீர்ப்பளிப்பது வாஷிங்டன். போர் முடிந்த வியட்நாமுக்கு இவ்வங்கியின் கடன் மீண்டும் கிட்டியது 1993இல்தான். அமெரிக்காவிடம் இருந்த வாக்கு நூற்றில் எட்டில் ஒரு பங்கு அளவே. அதைக்கொண்டு தனியே ஒரு கடனைத் தடுக்க முடியாது. தடுக்கவேண்டிய நிலையே வராதபடி விண்ணப்பம் வாரியத்துக்கு வாராமல் நின்றது என்பதே என் கருத்து.

வெளிப்படையாக எதிர்த்தவர் என்ன ஆயினர் என்பதையும் பார்க்கலாம். 2009இல் இந்தியாவுக்கான திட்டத்தில் அருணாசலப் பிரதேச வெள்ளத்தடுப்பு வேலை சேர்ந்திருப்பதைச் சீனா எதிர்த்தது. சீனா பெரும் பங்காளி நாடுகளுள் ஒன்று. ஆயினும் ஜூன் மாதத்தில் வாரியம் அத்திட்டத்தை ஏற்றது. ஓங்கிய குரல் தோற்ற இடத்தில் தாழ்ந்த குரல் வெல்லுதல் இவ்வங்கியில் புதிதன்று.

தமிழர்க்கு நெருங்கிய ஒரு செய்தியும் உண்டு. வங்கியின் முதற் கடன்களுள் ஒன்று, 1968இல் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளைப் புதுப்பிக்கத் தரப்பட்டதாகும். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டால், அத்தோட்டங்களில் உழைத்த மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என முடிவாகியிருந்த காலம் அது. கொழுந்தை உலர்த்தும் எந்திரத்துக்குப் பணம் வந்தது. கொழுந்து பறித்தவர் எந்நாட்டவர் என்பதோ வங்கியின் ஏட்டில் அரசியல். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றபின், தோட்டச் சீர்திருத்தத் திட்டத்துக்கும் இவ்வங்கி கடன் கொடுத்தது. ஜப்பானியப் பணமும் உடன் சேர்ந்தது. தனியார் நிருவாகத்தை வற்புறுத்தியது கொழும்பா, மணிலாவா, அதற்கும் அப்பாலா என்று லயத்தில் இருந்தவர் யாரிடம் கேட்பது? ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோர் அரசும் வங்கியுமே. வள்ளுவர் இரவுக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். பிறர் பெயரால் இரப்போரைப் பற்றி அவர் தனியே ஓர் அதிகாரம் வகுக்கவில்லை.

2017இல் வங்கி தனி நிதியின் கடன்பகுதியைத் தன் பொது முதலோடு இணைத்துவிட்டது. இப்போது அந்நிதி மானியம் மட்டுமே தருகிறது. கொடைநாட்டின் முகம் பார்க்கும் தேவை இதனால் ஓரளவு குறைந்தது. முற்றும் நீங்கவில்லை, மானியத்துக்கும் நிதி நிரம்பவேண்டுமன்றோ!

சிங்கப்பூரும் தொடக்க ஆண்டுகளில் இவ்வங்கியிடம் கடன் பெற்று, பின்னர்க் கடன் வேண்டாத நாடாகி, தனி நிதிக்குக் கொடுக்கும் நாடுகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் வாரியத்தில் அதற்குத் தனி நாற்காலி இல்லை. அமெரிக்காவும் ஜப்பானும் சீனாவும் தத்தமக்கென ஓர் இயக்குநரை வைத்திருக்க, சிங்கப்பூரோ மலேசியா, தாய்லாந்து, புருணை, மியன்மார், நேப்பாளம் ஆகியவற்றோடு ஒரே இயக்குநரைப் பகிர்ந்துகொள்கிறது. நிதிக்குக் கொடுக்கும் சிங்கப்பூருக்கும் வங்கியிடம் வாங்கும் நேப்பாளத்துக்கும் அங்கே பேசுவது ஒரே வாய்.