பெயர்க் குழப்பமும் முகக் குழப்பமும் (தமிழ்த் திரைக் குணச்சித்திர நடிகர்கள்)

பழைய படங்களில் துணை வேடமேற்ற ஒரு நடிகரை இன்னொருவராக எண்ணிக்கொள்வது தமிழ் ரசிகர்களிடையே நெடுங்காலமாக உள்ள குழப்பம். கதாநாயகனை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. அப்பா, மாமனார், பண்ணையார், கணக்குப்பிள்ளை, அடியாள் வேடங்களில் வந்தவர்களே இதில் சிக்குகிறார்கள். முகம் நன்றாக நினைவிருக்கும், பெயர் வராது. அல்லது பெயர் வரும், அது வேறொருவருடையதாக இருக்கும். தமிழில் இக்குழப்பத்துக்கு முகச்சாயலை விடப் பெயர்களே பெரிய காரணம்.

அயல்நாடுகளில்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குதிரைவீரர் தொடர்களில் இது முகக் குழப்பமாகவே இருந்தது. ‘கன்ஸ்மோக்’ 1955 முதல் 1975 வரை 635 பகுதிகளும், ‘பொனான்சா’ 1959 முதல் 1973 வரை 14 பருவங்களும் ஓடின. வாரந்தோறும் புதிய கொள்ளைக்காரனும் புதிய பண்ணைக்காரனும் தேவைப்பட்டதால் ஒரே நடிகர் கூட்டம் தொடருக்குத் தொடர் மாறி மாறி வந்தது. ஜான் டெஹ்னர், ஜான் ஆண்டர்சன் போன்ற ஒல்லியான, நெடிய உருவத்தினர் தொப்பியும் மீசையும் வைத்துக்கொண்டால் பார்ப்பவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிறந்தவர்களும் இக்கூட்டத்தில் உண்டு. 1931இல் அங்கே பிறந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற வில்லியம் ஷாட்னர், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரால் புகழடையும் முன் இத்தகைய தொடர்களில் விருந்தாளி வேடம் கட்டி வந்தவர். 1966இல் ‘கன்ஸ்மோக்’ தொடரின் ஒரு பகுதியில் அவர் குற்றவாளியாக வருகிறார். பிடிபட்ட இருவரில் யார் காவலர், யார் குற்றவாளி என்று ஊராருக்கு விளங்காததே அப்பகுதியின் கதை. அதே நகரில் பிறந்த ஜோசஃப் வைஸ்மன் 1960இல் ‘தி அன்ஃபர்கிவன்’ படத்தில் குதிரையேறி வரும் பைத்தியக்காரக் கிழவர். இரண்டே ஆண்டுகளில் ஜேம்ஸ் பாண்டின் முதல் வில்லன் டாக்டர் நோ. இரண்டும் ஒரே ஆள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலெழுத்துகளின் காலம்

தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நடிகர்கள் பெரும்பாலும் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து பாய்ஸ் கம்பெனிகளிலும், 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஸ்ரீ பாலஷண்முகானந்த சபாவிலும் சிறுவர்கள் நடிகர்களாயினர். மேடையில் ஆள் மாறித் தெரிவதற்கு இடமே இல்லை. ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட் என்று வேடமே பெயராகிவிடும். இன்ன ஊரில் இன்ன கம்பெனியின் ராஜபார்ட் யார் என்பது ஊர் முழுக்கத் தெரியும். சினிமாவில் அந்த வசதி போய்விட்டது. படத்தின் தொடக்கத்தில் வரிசையாக ஓடும் பெயர்களில் யார் எந்த வேடம் என்ற குறிப்பு பெரும்பாலும் கிடையாது. ஊர்ப் பெயரின் முதலெழுத்து, தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு இட்ட பெயர் என்பதே வழக்கம். ஊர்களும் தந்தையர் பெயர்களும் ஒன்றுபோல அமைந்தால் கதை முடிந்தது.

இதற்கு எம்.கே. ராதா, எம்.ஆர். ராதா இருவரையும் விடச் சிறந்த சான்று கிடையாது. இருவரின் இயற்பெயரும் ராதாகிருஷ்ணன். இருவருக்கும் ‘எம்’ என்பது மெட்ராஸ். கந்தசாமி முதலியார் மகன் எம்.கே. ராதா, ராஜகோபால் மகன் எம்.ஆர். ராதா. முன்னவர் 1936இல் ‘சதிலீலாவதி’யின் நாயகன், 1948இல் ‘சந்திரலேகா’வின் நாயகன், 1949இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் இரட்டையர். பின்னவர் 1954இல் ‘இரத்தக்கண்ணீர்’ வழியே திரையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கரகரத்த குரலைக் கேட்ட பிறகு எவரும் ஆளை மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அச்சில் ஓர் எழுத்து பிசகினால் ‘சந்திரலேகா’ எம்.ஆர். ராதாவின் கணக்கில் போய்விடும்.

‘எஸ்.வி.’ இன்னும் சிக்கலானது. செங்கோட்டைக்காரர் எஸ்.வி. சுப்பையா; கோவை சிங்காநல்லூர்க்காரர் எஸ்.வி. சகஸ்ரநாமம், சாமர்லா என்ற தெலுங்குக் குடும்பப் பெயர் கொண்டவர் எஸ்.வி. ரங்காராவ். மூன்று எஸ்ஸுக்கும் மூன்று மூலம். மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். மூவரும் தந்தை, அண்ணன், பெரிய மனிதர் வேடங்களில் நிலைத்தவர்கள். 1952இல் ‘பராசக்தி’யில் நீதிபதியாகும் மூத்த அண்ணன் சகஸ்ரநாமம். 1957இல் ‘மாயாபஜா’ரில் கடோத்கஜன் ரங்காராவ். 1961இல் ‘கப்பலோட்டிய தமிழ’னில் பாரதியார் சுப்பையா. சேவா ஸ்டேஜ் நாடக அமைப்பை நிறுவிய சகஸ்ரநாமம் பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தை மேடையேற்றியவர் என்பதால் பாரதி என்றதும் இரு எஸ்.வி.க்களும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள். இவர்கள் போதாதென்று வில்லன் எஸ்.வி. ராமதாஸும் உண்டு.

ராமச்சந்திரன்கள் மூவர். எம்.ஜி. ராமச்சந்திரன், டி.ஆர். ராமச்சந்திரன், டி.கே. ராமச்சந்திரன். 1941இல் வெளிவந்த ‘சபாபதி’யில் முட்டைக்கண்ணுடன் அசட்டுச் சீமானாக நடித்த டி.ஆர். ராமச்சந்திரனே அன்று பெயர் பெற்றவர். (அப்படத்தில் முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், சபாபதி. வேலைக்காரன் வேடம் காளி என். ரத்தினத்துடையது.) டி.ஆர். ராமச்சந்திரனோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே எம்.ஜி.ஆர். 1940களில் ‘எம்.ஜி. ராம்சந்தர்’ என்று தம் பெயரைப் போட்டுக்கொண்டார். பிற்காலத்தில் யார் யாரை மறைத்தார் என்பது ஊரறிந்தது. வில்லன் வேடங்களில் வந்த டி.கே. ராமச்சந்திரனுக்கும் நகைச்சுவை நடிகர் டி.ஆர். ராமச்சந்திரனுக்கும் பெயரில் உள்ள வேறுபாடு ஓரெழுத்து. இன்றைய பட்டியல்களில் இவ்விருவரும் மாறிப்போகிற இடங்கள் உண்டு.

பெண் நடிகர்களில் எஸ். வரலட்சுமி, ஜி. வரலட்சுமி இருவரும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே காலத்தில் நடித்தவர்கள். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னின் மனைவி எஸ். வரலட்சுமி.

அடைமொழிகள்

பெயர்க் குழப்பத்துக்குத் தமிழ்த் திரையுலகம் கண்ட தீர்வு அடைமொழி. ரசிகர் வாயிலும் படப்பிடிப்புத் தளத்திலும் பிறந்து, பிறகு டைட்டிலில் ஏறியவை இவை. இத்தனை செழிப்பான அடைமொழி வழக்கு வேறெந்தத் திரையுலகிலும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இவற்றுள் முதலிடம் படப் பெயர்களுக்கு. 1956இல் வந்த ‘குலதெய்வம்’ ராஜகோபாலைக் குலதெய்வம் ராஜகோபால் ஆக்கியது. 1965இல் ‘ஒரு விரல்’ கிருஷ்ணாராவுக்குப் பெயர் தந்தது. அதே ஆண்டில் ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா, மூர்த்தி என்ற இருவருக்கு ஒரே அடைமொழியைக் கொடுத்தது. அதில் அறிமுகமான ஸ்ரீகாந்தையும் சிலர் அப்படியே அழைப்பதுண்டு. ஜெயலலிதா தமிழில் அறிமுகமானதும் அதே படத்தில்தான். அவருக்கு அடைமொழி ஒட்டவில்லை, தேவைப்படவும் இல்லை. 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ ஒரு சகுந்தலாவை, ‘மந்திரிகுமாரி’ ஜி. சகுந்தலாவிடமிருந்து பிரித்து வைத்தது. 1979இல் துரையின் ‘பசி’ சத்யாவுக்கும் நாராயணனுக்கும், 1980இல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ ரவிக்கும், 1992இல் ‘தலைவாசல்’ விஜய்க்கும் அடைமொழியாயின. ‘நிழல்கள்’ இல்லையென்றால் அந்த ரவியை எம்.ஆர். ராதாவின் மகன் ராதாரவியிடமிருந்து பேச்சு வழக்கில் பிரித்துச் சொல்வது கடினமாயிருக்கும்.

மேடை வேடம் பெயரானதும் உண்டு. ‘கள்ளபார்ட்’ நடராஜனை, 1950இல் ‘மந்திரிகுமாரி’யின் வில்லனாக வந்த எஸ்.ஏ. நடராஜனோடு குழப்பாமல் காத்தது அந்தப் பழைய நாடகச் சொல்லே. சுந்தரராஜன், கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தாலும் 1966இல் வந்த படத்தாலும் மேஜர் ஆனார். பிறகு வந்த இயக்குநர், நடிகர் ஆர். சுந்தரராஜன் வெறும் ‘ஆர்’ உடன் நின்றார். டைப்பிஸ்ட் கோபுவும் மேடை தந்தவரே. வாயில் வந்த சொல்லே ஒட்டிக்கொண்டவர்களில் தங்கவேலு முதன்மையானவர்: 1951இல் ‘சிங்காரி’யில் ‘டணால்’, ‘டணால்’ என்று சொல்லி டணால் தங்கவேலு ஆனார். ‘என்னத்தே’ கன்னையா 1967இல் ‘நான்’ படத்தின் கொடை. ராதாகிருஷ்ணனுக்கு ‘காகா’ 1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் ஒட்டியது. உடலமைப்பைச் சொல்லும் அடைமொழிகளும் பல (ஓமக்குச்சி, குண்டு, பயில்வான்). இன்று யாரும் அப்படிப் பெயர் சூட்டத் துணிய மாட்டார்கள்.

ராமசாமிகளின் வரிசையைப் பார்த்தால் முறையின் பயன் தெளிவாகும். புளிமூட்டை ராமசாமி, பிரெண்ட் ராமசாமி, வி.கே. ராமசாமி, சோ ராமசாமி. நால்வரில் மூவர் அடைமொழியால் பிரிந்துவிட்டார்கள். வி.கே.ஆர். முதலெழுத்துகளையே நம்பியவர். 1947இல் ஏவி.எம்.மின் ‘நாம் இருவ’ரில் கிழவராக நடித்தபோது அவருக்கு வயது 21. அதன்பின் ஐம்பது ஆண்டுகளாக அதே கிழவராகவே அறியப்பட்டார். அவரை வேறொருவராக யாரும் எண்ணியதில்லை.

கணேசன்களுக்கும் இதுவே வழி. வி.சி. கணேசன் அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர் நிலைத்ததும், ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய ஆர். கணேசன் தம்மைப் பிரித்துக் காட்ட ‘ஜெமினி’யைச் சேர்த்துக்கொண்டார். விமானப்படையில் இருந்து, தில்லி நாடகக் குழுவில் நடித்துவிட்டு வந்த இன்னொரு கணேஷை, 1977இல் ‘பட்டினப் பிரவேச’த்தில் பாலசந்தர் டெல்லி கணேஷ் என்று அறிமுகப்படுத்தினார்.

முகமும் ஒப்பனையும்

பெயர் தெளிவாக இருந்தும் முகம் ஏமாற்றும் படங்கள் உண்டு. ஒளிப்பதிவாளர், இயக்குநர் கர்ணனின் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகியவை தமிழின் குதிரைவீரர் படங்கள். தொப்பி, தாடி, கழுத்துத் துணி, புழுதி எல்லாம் சேர்ந்தால் அடியாட்களில் யார் யார் என்று சொல்ல முடிவதில்லை. புராணப் படங்களின் கிரீடமும் ஒட்டுமீசையும் இதே வேலையைச் செய்தன. டி.எஸ். பாலையா மட்டும் விதிவிலக்கு. ‘திருவிளையாட’லில் (1965) ஹேமநாத பாகவதர், ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) தவில் முத்துராக்கு என எந்த வேடத்திலும் அந்த நடையும் இழுத்துப் பேசும் பேச்சும் ஆளைக் காட்டிவிடும்.

தொலைக்காட்சியும் இன்றைய நிலையும்

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின் பழைய படங்கள் சிறு கறுப்பு வெள்ளைத் திரைக்கு வந்தன. 1993இல் சன் டி.வி.யும் அதன்பின் பிற அலைவரிசைகளும் வந்தபோது படத்தைப் பாதியில் பார்ப்பதும், டைட்டில் ஓடும்போது வேறு அலைவரிசைக்குத் தாவுவதும் பழகிவிட்டன. வேடமும் நடிகரும் சேர்ந்து அச்சான இடம் அக்காலப் பாட்டுப் புத்தகம். அதன் உள்ளட்டையில் ‘நடிகர்கள்’ என்ற தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் வேடப் பெயரும் இருக்கும். பிலிம் நியூஸ் ஆனந்தன் (மறைவு 2016) திரட்டிய தகவல்களும் 2004இல் வந்த அவருடைய நூலும் இத்துறையில் தவிர்க்க முடியாதவை. ஆனால் அங்கும் கவனம் பெரிதும் நாயகர்கள் மீதே. 2000க்குப் பின் அடைமொழிகள் குறைந்துவிட்டன. முதலெழுத்துகளும் வழக்கொழிந்து வருகின்றன. தமிழ்த் திரையில் இரண்டு ஸ்ரீகாந்த்களுக்கு ஒரே எழுத்துகள்தான்: ஒருவர் 1965இல் ‘வெண்ணிற ஆடை’யில் வந்தவர், மற்றவர் 2002இல் ‘ரோஜாக்கூட்ட’த்தில் வந்தவர்.