கொல்லை மரத்தின் ஒட்டுக் கிளைகள்

வடசென்னையின் மணலியில், கிணற்றடி ஈரத்தில் தழைத்த எலுமிச்சை மரத்திலேயே நாரத்தையும் சாத்துக்குடியும் காய்க்கச் செய்யவேண்டுமென்று எழும் ஆசை இக்காலத்து மோகமன்று. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையின் விருட்சாயுர்வேத அத்தியாயமே, பலா, மாதுளை, திராட்சை ஆகியவற்றோடு நாரத்தைக்கு நெருங்கிய உறவான பீஜபூரத்தையும் சேர்த்தெண்ணி, கொம்புக்குச் சாணம் பூசி, வேறொரு மரத்தின் வெட்டிய அடியிலோ தண்டிலோ பொருத்தி வளர்க்குமாறு விதித்திருக்கிறது. சாணத்தின் இடத்தை இன்று பிளாஸ்டிக் நாடா பெற்றுவிட்டது. பட்டையை டி வடிவில் கீறி, மெல்லிய பட்டைத் துண்டோடு சீவியெடுத்த மொட்டை உள்ளே செருகி, இறுகக் கட்டி, மூன்று வாரத்துக்குப் பின்னும் மொட்டு பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்ததென்று நாடாவை அவிழ்க்கிறார்கள்.

சென்னையில் தாவர சாஸ்திரி ராபர்ட் வைட்டின் முயற்சியால் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது 1835-இல். ஆயினும், ஒட்டுக் கட்டும் கலையின் வரலாற்றில் மெய்யான திருப்பம் 1935-இல் கடப்பை ஜில்லாவின் கோடூரை அடுத்து நிறுவப்பட்ட பழ ஆராய்ச்சி நிலையத்தில் நேர்ந்ததென்றே நான் கருதுகிறேன். ஏனெனில், கனியின் ருசியையே நாடிவந்த மனிதரின் கவனம், சாத்துக்குடியை ஒட்டுவதற்கு உகந்த வேர் எதுவென்ற பரீட்சையின் பக்கம் அங்கே முறையாகத் திரும்பியது. ஏறத்தாழ அக்காலத்தில்தான், பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் புளிப்பு ஆரஞ்சு வேரின்மேல் ஒட்டிய மரங்கள், அசுவினி பரப்பிய டிரிஸ்டெசா என்னும் வைரஸ் நோயால் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. பிரேசிலின் தோட்டங்களைப் பின்னர் தாங்கியது வங்க தேசத்து ரங்பூரின் பெயர் பூண்ட எலுமிச்சையின் வேர்.

அந்த ரங்பூர் வேர் உவர்நீரையும் ஓரளவு பொறுக்கும் என்பது மணலிவாசிகளுக்கு அற்ப விஷயமன்று. 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1971-இல் உர ஆலையும் இங்கே உற்பத்தி தொடங்க, ஆலைகளுக்கும் நகருக்குமாக மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் ஓயாது இறைக்கப்பட, கடல் பல கிலோமீட்டர் உள்ளே ஊடுருவிவிட்டது. எலுமிச்சை இனமோ பொதுவாக உப்புக்கு எளிதில் நலிவது.

ஆனால், வளர்ந்த மரத்தில் ஒட்டுக் கட்டுபவருக்கு வேரைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் இல்லை. கொல்லையில் நிற்பது பெரும்பாலும் விதையில் முளைத்த நாட்டு எலுமிச்சை. டிரிஸ்டெசாவுக்கு அது எளிதில் இரையாவது. சாத்துக்குடி மரமோ அந்நோயை வெளிக்குறி ஏதுமின்றித் தன்னுள் சுமந்துகொண்டே செழித்துக் காய்க்கவல்லது. அதிலிருந்து எடுத்த ஒரே மொட்டின் வழியாக நோய் எலுமிச்சைக்குள் புகுந்துவிடும். ஆகையால், பக்கத்து வீட்டுச் சாத்துக்குடி எவ்வளவு தித்திப்பாயினும் அதன் கிளையை ஒடித்து வாராமல், நோயற்றதென்று பரிசோதித்துத் தேர்ந்த தாய்மரத்தின் மொட்டையே நாற்றங்காலில் கேட்டு வாங்க வேண்டும்.